உரிமையும் கொள்கையும்: நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தோட்டத் தொழிலாளர்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பதும், கேட்பவர்களுக்குச் சட்டம் சொல்வதுமாகப் பொழுது போகிறது. எந்த மனுவை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது: இது உரிமையா, அரசியலா? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. அதை மறைக்கும் உத்தேசம் இல்லை.

1. மனித உரிமை என்பது அரசாங்கம் கொடுக்கிற சலுகைதானே, டீச்சர்?

சலுகையை நிறுத்தினால் வருத்தப்படலாம்; உரிமையை நிறுத்தினால் வழக்குப் போடலாம். பொங்கலுக்குக் கரும்பு தருவதும் தராததும் அரசின் விருப்பம். ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அதற்கு எந்த அமைச்சருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் என்று நான்கைச் சொல்கிறது. இவை பற்றி அரசியல் சட்டம் உறுதியளித்தவையும், பன்னாட்டு உடன்படிக்கைகளில் உள்ளவற்றில் இந்திய நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடியவையும் மனித உரிமைகள்.

2. கொள்கை கொள்கை என்கிறீர்களே, கட்சியைத்தானே சொல்கிறீர்கள்?

கோளாறு எங்கே இருக்கிறது, அதை யார் எப்படிச் சரிசெய்வது என்பதற்கு ஒருவர் வைத்திருக்கும் விடைதான் கொள்கை. கோளாறு சொத்தில் என்பவர் பொதுவுடைமையர். சாதியில் என்பவர் அம்பேத்கரியர் அல்லது பெரியாரியர். அரசின் கட்டற்ற அதிகாரத்தில் என்பவர் தாராளவாதி. மதமும் மரபும் சிதைந்ததில் என்பவர் மதத் தேசியவாதி. காட்டை அழித்ததில் என்பவர் பசுமைவாதி. கட்சி இவற்றில் இரண்டு மூன்றைக் கலந்துகொண்டு தேர்தலில் நிற்கும். சேரம்பாடியில் சிவப்புச் சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டுச் சூரியனுக்கோ இலைக்கோ வாக்களிக்கிறவர்கள் ஏராளம். அவர்களைக் குழம்பியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு கொள்கையும் சில உரிமைகளை முதலில் பார்க்கிறது, சிலவற்றைப் பார்க்காமலே கடந்துவிடுகிறது. அந்தக் கொள்கை ஆட்சிக்கு வரும்போது எதைப் பார்க்காமல் விட்டது என்பது தெரிந்துவிடும். கீழே வருகிற பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

3. மனித உரிமை பேசுகிறவர்கள் எல்லாம் சிவப்புத் துண்டுக்காரர்கள்தானே?

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அவற்றில் ஆறு, சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட கம்யூனிஸ்ட் நாடுகள். மற்ற இரண்டு நிறவெறி தென்னாப்பிரிக்காவும் சவுதி அரேபியாவும். சிவப்புத் துண்டும் வெள்ளை நிறவெறியும் அன்று ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தன.

நம் ஊரிலும் அப்படிச் சுலபமாகப் பிரிக்க முடியாது. 1975 அவசரநிலையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. மார்க்சிஸ்ட் கட்சியினரோ சிறைக்குப் போனார்கள். விசாரணையின்றிச் சிறையில் வைக்க உதவிய மிசா சட்டம் கறுப்புச் சட்டைக்காரரையும் ஆர்.எஸ்.எஸ். காரரையும் ஒன்றாகவே உள்ளே தள்ளியது. 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்கையெடுத்துத் தொடங்கிய மக்கள் உரிமை அமைப்பில் சோஷலிஸ்ட், காந்தியர், தாராளவாதி என்று பலர் இருந்தார்கள். சிறை அனுபவம் கொள்கை வேறுபாட்டைக் கொஞ்ச காலத்துக்காவது மறக்க வைத்தது.

அதே நேரம், கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகள் அந்த வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும்தான். அதற்காக அந்தப் பெண்களின் உரிமை கட்சியின் சொத்தாகிவிடாது.

4. அப்படியானால் இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு. நமக்கு எதற்கு?

பிரகடனத்தை எழுதிய குழுவுக்கு அமெரிக்காவின் எலினார் ரூஸ்வெல்ட் தலைவராக இருந்தார். ஆனால் சீனாவின் பி.சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக் ஆகியோர் கை படாத பக்கம் அதில் இல்லை. ‘எல்லா ஆண்களும்’ என்ற பொருள் தொனித்த முதல் பிரிவை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. மறுபக்கம், அன்று கைதூக்கி ஆதரித்த ஐரோப்பிய நாடுகள் சில, குடியேற்ற நாடுகளை அப்போதும் கையில் வைத்திருந்தன. ஆக, வெள்ளைக்காரனிடமும் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

‘நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது’ என்று சொல்கிறவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். 1990களில் ‘ஆசிய மதிப்பீடுகள்’ என்ற வாதத்தை முழங்கியவர்கள் சிங்கப்பூர், மலேசியா ஆட்சியாளர்கள். லாக்கப்பில் அடி வாங்கிய எவரும் என்னிடம் வந்து, அடி நம் மரபு என்று சொன்னதில்லை.

5. வயிறு காய்கிறவனுக்குப் பேச்சுரிமை எதற்கு? முதலில் சோறும் வீடும்தானே?

இந்தக் கேள்வியை வைத்துத்தான் உலகம் இரண்டாகப் பிரிந்தது. பிரகடனத்தில் ஒன்றாக இருந்தவற்றை 1966இல் இரண்டு உடன்படிக்கைகளாகப் பிரித்தார்கள்: வாக்கு, பேச்சு, நீதி விசாரணை ஒன்றில், உணவு, வீடு, கூலி, கல்வி மற்றொன்றில். பனிப்போரில் அமெரிக்க அணி முதலாவதையும் சோவியத் அணி இரண்டாவதையும் தூக்கிப் பிடித்தன. இன்றும் அமெரிக்கா இரண்டாவதை உறுதிசெய்யவில்லை. சீனா முதலாவதை உறுதிசெய்யவில்லை. இந்தியா 1979 ஏப்ரலில் இரண்டிலும் சேர்ந்தது.

நம் எஸ்டேட் லயன் வீட்டை, அதாவது தோட்ட நிர்வாகம் தருகிற வரிசை வீட்டை, பாருங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. காகிதத்தில் சோறும் வீடும் வந்துவிட்டன. தகரத்தில் ஓட்டை விழுந்து, மேலே நீலத் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருக்கிற வீட்டுக்கு மனு எழுதப் போனால் என்ன நடக்கிறது? மனுவைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் கையெழுத்து என்றதும் பின்வாங்குகிறார்கள். வேலை போனால் வீடும் போகும், இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன. பேச்சுரிமை இல்லாததால் கூரை ஒழுகுகிறது. கூரை அவர்கள் கையில் இருப்பதால் பேச முடியவில்லை. எது முதலில் என்று என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் சொந்த வீட்டில் இருக்கிறார் என்பேன்.

6. பிரிவு 17 நிலத்தில் என் அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம். நிலம் எங்கள் மனித உரிமை இல்லையா?

கூடலூரில் எல்லாக் கேள்வியும் கடைசியில் நிலத்துக்கு வரும். வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பகுதி நிலங்கள் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜென்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், கையில் இருந்தன. ஜென்மி முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜென்மியிடம் தோட்டம் போடக் குத்தகைக்கு வாங்கிய நிலங்கள் அதன் 17ஆம் பிரிவில் வருகின்றன. அவற்றில் தோட்டக் கம்பெனியும் இருக்கிறது, கேரளத்திலிருந்து குடியேறிய சிறு விவசாயியும் இருக்கிறார், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவரின் குடிசையும் இருக்கிறது. எல்லோருக்கும் முன்பே அங்கிருந்த பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் இருக்கிறார்கள். பட்டா இல்லை என்பதால் மின் இணைப்புக்கே அலைந்த குடும்பங்கள் உண்டு.

இந்த மலைச் சட்டம் இந்திய அரசியல் சட்ட வரலாற்றிலேயே இடம் பிடித்தது என்பது பலருக்குத் தெரியாது. தோட்டக் கம்பெனிகள் சொத்துரிமை என்று வாதாடின. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. நாடாளுமன்றம் 1974இல் 34ஆம் திருத்தத்தின் வழியாக முழுச் சட்டத்தையும் ஒன்பதாம் அட்டவணையில் வைத்துப் பூட்டியது. அங்கே வைத்தால் அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்பது ஏற்பாடு. அந்தப் பூட்டுச் செல்லுமா என்ற வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள்: அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் காயப்படுத்தினால் நீதிமன்றம் தொடலாம். சமத்துவத்துக்காக என்று சொல்லிக்கூட உரிமையைக் கேள்விக்கு அப்பால் வைக்க முடியாது என்பது இதன் பொருள்.

இனி உங்கள் கேள்வி. 1948 பிரகடனத்தின் 17ஆம் பிரிவில் சொத்துரிமை இருக்கிறது, தனியாகவும் பிறரோடு சேர்ந்தும் என்று இரு அணிக்கும் பொதுவாக எழுதினார்கள். 1966 உடன்படிக்கைகளில் அது இல்லை. ஒத்த கருத்து வரவில்லை. இந்தியாவில் 1978இன் 44ஆம் திருத்தம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து, 300-ஏ பிரிவில் சட்ட உரிமையாக வைத்தது. ஆனால் குடியிருப்பும் பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உங்கள் மனுவில் ‘நிலம் எங்களுடையது’ என்று தொடங்குவதைவிட, ‘மாற்று ஏற்பாடும் விசாரணையும் இல்லாமல் எங்களை வெளியேற்ற முடியாது’ என்று தொடங்குவது பலமானது. முந்நூறு ஏக்கர் கம்பெனிக்கும் முப்பது சென்ட் குடும்பத்துக்கும் ஒரே சொல்லில் வாதாடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

7. யானையும் புலியும் பெரிதா, மனிதன் பெரிதா?

வாய்க்கு வாய் கேட்கப்படும் இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் ரிசார்ட் கட்டியவர். சீகூர் யானை வழித்தடத்தில் கட்டடங்களுக்கு எதிரான உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2011இல் வந்தது; 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதில் விடுதி முதலாளியின் சங்கடமும் இருளர் குடும்பத்தின் சங்கடமும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுப் பேசப்பட்டன. அது அநியாயம்.

காட்டுக்குள் தலைமுறைகளாக இருப்பவர்களுக்கு 2006இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று முகப்புரையிலேயே ஒப்புக்கொண்ட சட்டம் அது. புலிகள் காப்பகத்திலிருந்து இடம் மாற்ற வேண்டுமானால் முதலில் அவர்களின் உரிமையை அங்கீகரிக்க வேண்டும், கிராம சபையின் சம்மதம் வேண்டும். நம் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது நின்றுபோனது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகே வேலை நகர்ந்தது. சட்டம் வந்தும் பட்டா வராத அந்த ஆண்டுகளில் எந்தக் கட்சியும் இதைத் தேர்தல் பிரச்சினையாக்கவில்லை. காட்டுநாயக்கர் வாக்கு எத்தனை என்று எல்லோருக்கும் கணக்குத் தெரியும்.

பசுமைக் கொள்கைக்கும் பார்க்காத பக்கம் உண்டு. மனிதன் இல்லாத காடுதான் தூய காடு என்று நினைக்கும்போது, தேன் எடுக்கப் போகிறவர் அத்துமீறுபவராகத் தெரிகிறார்.

8. நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். எங்கள் குடியுரிமையைப் பறித்தது எந்தக் கொள்கை?

ஒன்றல்ல. வரிசையாகச் சொல்கிறேன். 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் போயின. அடுத்த ஆண்டே வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சி அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று 15ஆம் பிரிவில் சொன்ன பிரகடனமும் அதே 1948இல்தான் வந்தது. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகம் இதை எதிர்த்தார். மறு ஆண்டு தனிக்கட்சி தொடங்க இதுவும் ஒரு காரணம்.

அன்று நாடாளுமன்றத்தில் உரக்க எதிர்த்தது இடதுசாரி சமசமாஜக் கட்சி. அதே கட்சி 1964 ஜூனில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி அரசில் சேர்ந்தது. அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தேயிலை பறித்தவரைக் கேட்டு யாரும் கணக்குப் போடவில்லை. வலதுசாரி பறித்தது, இடதுசாரி அமைச்சரவையில் இருந்தபடி உடன்பட்டது, இந்தியத் தேசியம் அண்டை நாட்டு நட்புக்காகத் தலையெண்ணிக் கொடுத்தது. தமிழகக் கட்சிகள் மேடையில் கண்ணீர் விட்டன. வந்தவர்களுக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’.

மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் பாலித்தீன் உறைக்குள் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதில் குடும்பம் முழுவதும் நின்று எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், கீழே எண். சாதிச் சான்றிதழுக்கு மனு எழுத வரும் பேரன் அந்த அட்டையைத்தான் நீட்டுகிறான். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம், பிறகு டான்டீ என்ற அரசுக் கழகம் ஆனது. அந்த வேலையும் வீடும் பற்றிய கவலைக்கு 5ஆம் கேள்வியின் பதிலையே திரும்பப் படிக்கலாம்.

9. இது பெரியார் மண். திராவிடக் கொள்கை இருந்தால் மனித உரிமை தானாக வந்துவிடுமே?

நிறைய வந்திருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. இந்தியா முழுமைக்கும் அது 2005இல்தான் வந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

ஆனால் சாதியைப் பார்த்த அந்தக் கண் போலீஸ் நிலையத்தைப் பார்க்கவில்லை. விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்க உதவும் குண்டர் சட்டம் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. அடுத்தடுத்த ஆட்சிகள் அதில் புதிய வகைகளைச் சேர்த்தன. எதுவும் அதை நீக்கவில்லை. 1ஆம் பதிலில் சொன்ன 24 மணி நேர விதி தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இன்னொன்று, மொழியுரிமை. பணியர் மொழியும் காட்டுநாயக்கர் மொழியும் படகர் மொழியும் தமிழ் அல்ல. இந்தித் திணிப்பை எதிர்த்து முழங்குகிற நாம், ஒன்றாம் வகுப்பில் பணியர் பிள்ளை பாடம் புரியாமல் விழிப்பதை ‘மந்தம்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

10. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே எமர்ஜென்சியில்தான் வந்தது. அப்போது ஏழைக்குச் சர்வாதிகாரம் நல்லதுதானே?

கெட்டிக்காரக் கேள்வி. முதல்முறை கேட்ட கல்லூரி மாணவனை எனக்குப் பிடித்துப்போனது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டம், 1976 பிப்ரவரியில் சட்டம். 1877 வரை நம் கூடலூர் வயநாட்டைச் சேர்ந்திருந்தது. வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் நெல்லும் பணமும் முன்கூட்டிக் கொடுத்துப் பணியர்களை ஓராண்டுக்கு ஜென்மிகள் பிடித்துவைத்த வழக்கம் இந்தப் பகுதிக் கதைதான். அவர்களுக்கு இந்தச் சட்டம் பெரிய விஷயம்.

அதே 1976 ஏப்ரலில் என்ன நடந்தது? அவசரநிலையில் ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவரில் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். 2017இல் உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. இப்போது யோசியுங்கள்: முதலாளி விடவில்லை என்று ஒரு பணியர் புகார் கொடுக்கிறார், புகார் எழுதிக் கொடுத்தவரை மிசாவில் பிடித்துவிடுகிறார்கள். பத்திரிகையில் வராது, தணிக்கை, நீதிமன்றமும் கேட்காது. கொத்தடிமைச் சட்டத்துக்கு உயிர் வந்தது 1983 டிசம்பரில், கல் குவாரித் தொழிலாளர்களுக்காகப் போடப்பட்ட பொதுநல வழக்கில். அதற்குத் திறந்த நீதிமன்றம் தேவைப்பட்டது.

11. எங்கள் சமூகத்து வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் மனித உரிமைக்கு என்ன வேலை?

வழக்கம் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. வழக்கத்துக்கு உடன்படாத பெண்ணை ஊர் விலக்கு செய்வது உங்கள் உரிமை அல்ல. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லிவிட்டது. சிறுபான்மை என்று அரசிடம் பாதுகாப்புக் கேட்கும் சமூகம், தனக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு, அதாவது மாறுபட்ட அந்த ஒருத்திக்கு, அதையே கொடுக்க வேண்டும். மதத் தேசியத்துக்கும் இதே பதில்.

12. தீவிரவாதிக்கு மனித உரிமை உண்டு, போலீஸ்காரனுக்குக் கிடையாதா?

ஓய்வு பெற்ற காவலர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டது. உண்டு, ஐயா. போலீஸ்காரரைக் கொன்றவர் மீது கொலை வழக்குப் போட, தூக்கு வரை கேட்க, அரசின் முழு இயந்திரமும் இருக்கிறது. அரசே தவறு செய்யும்போது கேட்பதற்குத்தான் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் கேரளத்தின் நிலம்பூர். 2016 நவம்பரில் அந்தக் காட்டில் மாவோயிஸ்ட் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது இங்கும் இதே வாக்குவாதம் நடந்தது. மோதல் சாவு எதுவானாலும் வழக்குப் பதிந்து சுதந்திரமாக விசாரிக்க வேண்டும் என்பது 2014இன் உச்ச நீதிமன்ற நெறிமுறை. செத்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

வர்க்க எதிரி என்று பெயர் சூட்டி ஒருவரைக் கொல்லலாம் என்கிற கொள்கைக்கும் மனித உரிமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைச் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இன்னொரு பக்கம், அரசின் அனுமதி இல்லாமல் காவலர்கள் சங்கம் வைக்க முடியாதபடி 1966ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இரவு பகல் பணி, வார விடுமுறை பற்றிக் கேட்கவும் அவர்களுக்கு வழி குறைவு. அதைப் பேசுவதும் மனித உரிமைப் பேச்சுதான்.

13. வெறுப்பைக் கக்குகிறவனுக்கும் பேச்சுரிமையா?

பேச்சுரிமைக்கு அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவில் எல்லை உண்டு. பிரகடனத்தின் 30ஆம் பிரிவும் பிறர் உரிமையை அழிக்க இந்த உரிமைகளைக் காட்டக் கூடாது என்கிறது. ஆட்சியை, மதத்தை, தலைவரைத் திட்டுவது வேறு; ஒரு கூட்டத்தை அடிக்கத் தூண்டுவது வேறு. இரண்டையும் வேண்டுமென்றே கலப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

14. கொள்கையே இல்லாமல் நடுநிலையாக மனித உரிமை பேச முடியாதா?

எனக்குத் தெரிந்து முடியாது. தனிமனிதரை மையமாக வைப்பதே ஒரு கொள்கைதான். கொள்கை இல்லை என்பவர் பெரும்பாலும் நடப்பதை நடக்க விடும் கொள்கையில் இருப்பார். செய்யக்கூடியது ஒன்று: உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்கு நடந்ததை எடுத்துக்கொண்டு, பிடித்தவருக்கு நடந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ அதையே எழுதுங்கள். 3ஆம் பதிலில் வந்த மிசாக் கைதிகளில் பலர் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். தடுப்புக் காவல் சட்டங்கள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

15. ‘மனித உரிமை’ என்று காரில் பலகை மாட்டியிருக்கிறார்களே, அவர்களிடம் போகலாமா?

போக வேண்டாம். தேசிய ஆணையம் 1993இலும் மாநில ஆணையம் 1997இலும் சட்டப்படி அமைந்தவை. அவற்றுக்கு நம் ஊரில் ஏஜென்ட் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு அடையாள அட்டை தருகிறவருக்கு யாரையும் விசாரிக்கும் அதிகாரம் இல்லை.

16. என் கட்சி ஆட்சியில் இருக்கும்போது நானே மனுக் கொடுத்தால் துரோகி என்பார்கள். எப்படி எழுதுவது, டீச்சர்?

கட்சியின் பெயரை மனுவில் எழுதவே வேண்டாம். ஆளும் கட்சியானாலும் சரி, எதிர்க்கட்சியானாலும் சரி. தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, செய்த அலுவலரின் பெயரோ பதவியோ, பார்த்தவர்கள் யார், காயம் இருந்தால் எந்த மருத்துவமனையில் காட்டினீர்கள் என்பது போதும். ‘ஆட்சியின் அராஜகம்’ என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்; மனுவைப் படிப்பவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். கட்சிக்காரர்கள் கேட்டால், அலுவலர்மீது கொடுத்தேன் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குச் சென்னை முகவரிக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்து காலத்தைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள். மனுவில் இரண்டு நகல் எடுங்கள். நேரில் கொடுத்தால் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதை நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.